சித்தப்பாவின் அம்புக்குறி

நீல மையில் ஒரு வட்டம், அதிலிருந்து நீளும் அம்புக்குறி, பக்கத்தில் 'இவன்தான்' என்று ஒரு சொல். அந்தப் பழைய தீபாவளிக் காமிக்ஸை முப்பது வருடங்களாக என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஆசையால் அல்ல. என் ஆத்திரம் ஆறிவிடக் கூடாதே என்பதற்காக.

சித்தப்பாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறும்போது எனக்காகக் காமிக்ஸ் வாங்குவார். வீடு வந்து சேர்வதற்குள் அவரே படித்து முடித்து, முதல் பக்கத்திலேயே கொலைகாரனை வட்டமிட்டுத்தான் என் கையில் தருவார். "ஏட்டி, அம்புட்டுப் பக்கத்தையும் எதுக்குக் கெடந்து படிக்க? அதான் ஆளைக் காட்டிட்டேன்ல" என்று சிரிப்பார். அன்றைய கதைகள் யார் செய்தது என்ற ஒரே கேள்வியை நம்பி ஓடின. மங்கலான தாள், கறுப்பு வெள்ளைப் படம், 'அதே சமயம்...' என்று கட்டத்துக்கு மேலே ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் முகமூடி கழன்றால் கதை தீர்ந்தது. ஆள் முன்பே தெரிந்துவிட்டால் மிச்சம் வெறும் காகிதம்தான்.

பன்னிரண்டு வயதில் செண்பகத்தோப்பு ஓடையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு இரண்டு மாதம் படுத்துக் கிடந்தேன். "இந்தத் தீபாவளி புக்குல மட்டும் எழுதாதீங்க சித்தப்பா" என்று கெஞ்சினேன். என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். சொன்னபடியே முதல் பக்கம் சுத்தமாக இருந்தது. அதை நம்பி, ஒரு நாளைக்குப் பத்துப் பக்கமாக மிச்சம் பிடித்துப் படித்தேன். ஐந்தாம் நாள், நான்கு பேர்மேல் சந்தேகம் விழுந்த பக்கத்தில், டாக்டரின் முகத்தைச் சுற்றி நீல வட்டம். நான் அழுத அழுகையைப் பார்த்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீடே கூடச் சேர்ந்து சிரித்தது. எழுந்து ஓடக்கூட என்னால் முடியவில்லை. அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

இப்போது நானே காமிக்ஸ் எழுதி வரைகிறேன். பளபளக்கும் தாளில், பல பக்கங்களில் வசனமே இருப்பதில்லை. குற்றவாளி முதல் பக்கத்திலேயே வந்து நிற்கிறான். ஏன் செய்தான் என்று அறியத்தான் வாசகர்கள் கடைசிவரை வருகிறார்கள். இந்த மாற்றத்துக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அது சித்தப்பாவின் பேனாவைப் பிடுங்கிய மாற்றம். என் புதிய புத்தகத்தின் முதல் படத்தில் கொலைகாரனைச் சுற்றி நானே நீல வட்டம் போட்டு, 'இவன்தான்' என்று எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். முகம் சித்தப்பாவுடையது, காதோர மச்சம் உட்பட.

போன மாதம் அவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். நான்காம் நாள் போன் செய்தார்.

"ஏட்டி, மூஞ்சி என்னைய மாதிரியே இருக்கு. அது கெடக்கட்டும். ரெண்டு தடவை படிச்சிட்டேன், அவன் ஏன் செஞ்சான்னே வரலையே. கடைசித் தாளைக் காணோம். பைண்டிங்ல விட்டுட்டாவளோ?"

"நான்தான் கிழிச்சேன் சித்தப்பா."

குரல் இறங்கி, "ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்றார்.

அவரிடம் முப்பது வருடமாக நான் கேட்க நினைத்த கேள்வி அது. போனை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். பழைய தீபாவளிக் காமிக்ஸில், டாக்டரின் முகத்துக்கு மேலே, நான் கிழித்த கடைசித் தாள் மடித்தபடி இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று மூடிவைத்தேன்.