இரண்டாவது கம்ப்ரசர்

சித்திரை பிறந்த மறுநாள் குமரகுரு வேலையை விட்டுப் போனார். மேச்சேரிக்குப் பக்கத்தில், இரும்புக் கட்டிகளைக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் ஆலை அது. "வாரேனுங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையை வண்டியில் மாட்டினார். மலர்விழியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புதுச்சத்திரத்தில் பிறந்து, பொறியியல் படித்து, அந்த ஆலையின் மின்செலவைக் குறைக்கும் பொறுப்புக்கு வந்தவள் மலர்விழி. உலையில் சூடு தப்பும் இடங்களை முதலில் அடைத்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. வம்பு வந்தது காற்றுக் குழாயில்தான்.

இயந்திரங்களை இயக்குவதற்காக இரண்டு கம்ப்ரசர்கள் காற்றை அழுத்திக் குழாய்களில் அனுப்பின. உலையருகே வேலை முடித்தவர்கள் அந்தக் காற்றைச் சட்டைக்குள் பீய்ச்சிச் சூடு தணித்துக்கொள்வார்கள். 'காத்துக் குளியல்' என்று அதற்குப் பெயரே உண்டு. ஓசிக் காற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கரண்டை விழுங்கிவிட்டுத்தான் அது வந்தது. மலர்விழி அதற்குப் பதிலாகப் பெரிய மின்விசிறிகளை வைத்து, குளியல் குழாய்களைக் கழற்றச் சொன்னாள்.

"இனி மூச்சு உடறதுக்கும் மீட்டர் மாட்டுவீங்களா மேடம்?" என்றார் உலைக்காரர் சுப்பையன்.

"நீங்க உடற கதைக்குத்தாங்கண்ணா மாட்டோணும்."

சிரித்துக்கொண்டே கழற்றினார்கள்.

கம்ப்ரசர் ஆபரேட்டர் குமரகுரு ஆரம்பத்திலிருந்தே அவள் பக்கம். உலை ஓடாத ஞாயிறுகளில் இருவரும் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே போவார்கள். காற்று ஒழுகும் இடத்தில் நுரை பொங்கும்; அங்கே அடைப்பார்கள். "இங்க பாருங்க, கொப்புளிக்குது!" என்று, கிணற்றில் விழுந்த வாளியை எடுத்துவிட்டவர் போலக் கூவுவார்.

பங்குனிக்குள் ஒரு கம்ப்ரசரே போதும் என்றாகிவிட்டது. இரண்டாவதை நிறுத்திய அன்று இருவரும் பன்னும் டீயுமாகக் கொண்டாடினார்கள். மறுவாரம் நிர்வாகம், ஆபரேட்டரும் ஒருவர் போதும் என்றது. கடைசியாகச் சேர்ந்தவர் குமரகுரு. மலர்விழி மேலாளரிடம் சண்டை போட்டதில், சரக்கு ஏற்றும் இடத்தில் வேலை தருவதாகச் சொன்னார்கள். குமரகுருவின் இடுப்பு அதற்கு ஒத்துவராது.

"நானுஞ் சேர்ந்துதானுங்களே அடைச்சேன். உங்க மேல என்ன கோவம்?" என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு எந்த இயந்திரத்தை நிறுத்தத் திட்டமிட்டாலும், அதை ஓட்டுபவருக்கு வேறு எங்கே வேலை என்று முதலில் கேட்டாள். பதில் வராமல் அடுத்த பேச்சுக்குப் போகமாட்டாள். "நீ இன்ஜினியரா, யூனியனாம்மா?" என்று மேலாளர் சலித்துக்கொண்டார்.

வருடங்கள் கழித்து, ஒரு மத்தியானம் குமரகுருவின் குரல் செல்போனில் வந்து விழுந்தது.

"மேடம், நல்லா இருக்கீங்களா? ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு மில்லுல சேர்ந்துட்டேனுங்க. இங்க மூணு மிசினு ஓடுது. பாதிக் காத்து வீணாத்தானுங்க போவுது. ஒண்ணைத் தாராளமா நிறுத்தலாம். மொதலாளிகிட்டச் சொல்லட்டுங்களா, உட்டுடட்டுங்களா? மூணாவதை ஓட்டறவரு இப்பத்தான் ஊடு கட்ட ஆரம்பிச்சிருக்காரு."