பென்சிலில் வரைந்த தேர்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, ராஜா காலத்துக் கட்டட வரைபடங்கள் மூட்டை மூட்டையாக மராமத்து ஆபீசுக்கு வந்து சேர்ந்தன. கரையான் தின்றது போக மீதியை நகலெடுக்க ஒரு ட்ரேசர் தேவைப்பட்டார். ஐம்பதுகளில் அந்தத் தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தது. பழைய படத்தின் மேல் கஞ்சி போட்டு மெருகேற்றிய மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரியும் கோட்டின் மேலேயே மைப்பேனாவை ஓட்ட வேண்டும். சொந்தப் புத்தியைக் காட்டக் கூடாது. எனக்கு அந்தப் புத்தி கொஞ்சம் கூடுதல் என்று நான் தங்கியிருந்த கன்னியர் மடத்து ஹாஸ்டலில் ஏற்கெனவே பெயர்.

படங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆளின் கை. விக்டோரியா ராணி காலத்தில் சமஸ்தானத்துக்கு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினியர். கையெழுத்து இருந்த மூலைகளைக் கரையான் முதலில் தின்றிருந்ததால் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வாழ்க்கை முழுவதும் என் பேனா முனையில் ஓடியது. வந்த புதிதில் கண்மாய் மடைகளும், மிஞ்சிய தண்ணீர் வழியும் கலிங்குகளும்தான் கொடுத்திருக்கிறார்கள். வடக்கு திசை காட்டும் அம்புக்குக்கூட இறகெல்லாம் வைத்து வரைந்திருந்தார், இளவயசு ஆட்டம். பிறகு பாலங்கள். பிறகு கோர்ட்டுக் கச்சேரி, ஆஸ்பத்திரி என்று வளைவும் மாடமுமாகக் கட்டடங்கள். அப்போது கை நிதானப்பட்டுவிட்டது. செங்கல்லுக்கு ரோஜா நிறம், கருங்கல்லுக்குச் சாம்பல் நீலம், மரத்துக்கு மஞ்சள் என்று தீட்டியிருப்பார். கடைசிப் படங்களில் கோடு நடுங்கியது. நடுக்கத்தையும் அப்படியே நகலெடுத்தேன். 

மத்தியான வெயிலில் ஆபீஸ் முற்றத்தில் என் துணி நகல்களிலிருந்து ப்ளூபிரிண்ட் எடுத்து, தண்ணீரில் அலசிக் கொடியில் காயப் போடுவார்கள். நீலத் தாள்களில் வெள்ளைக் கோடுகளாக அவருடைய மடைகளும் மாடங்களும் காற்றில் ஆடும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொருகும். ஒரு கண்மாய்க் கரைமேல் யாரோ மட்டக் குதிரையில் போவது தெரியும். முகம் இருக்காது. அவர்தான் என்று எனக்குத் தெரியும். நல்லவேளை, இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரித்திருப்பார்கள்.

ஒருநாள் என் பலகைக்கு எங்கள் ஊர்ப் பாலமே வந்தது.

ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கோயிலும் பெரிய தெருவும், இந்தப் பக்கம் எங்கள் தெரு, நடுவில் அந்தப் பாலம். பக்கச் சுவர்களின் உட்புறம் முழங்கால் உயரத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். ஈஸ்டருக்கு மறுநாள் தேர் பாலத்தில் ஏறும்போது, அச்சின் இரண்டு முனைகளும் அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து நகரும். அதற்காகவே விட்ட பள்ளம் அது. அது இல்லாவிட்டால் அச்சு முனை சுவரில் முட்டும், தேர் பெரிய தெருவோடு திரும்பிவிடும்.

என் அம்மாவுக்கு ஒரு பக்கம் விளங்காமல் போய் அப்போது சில வருஷமாகியிருந்தது. சித்திதான் பார்த்துக்கொண்டார். அம்மாவைக் கோயிலுக்குத் தூக்கிப் போகலாம் என்றால் சம்மதிக்க மாட்டார். "பொணம் மாதிரி என்னையத் தூக்கிக்கிட்டுப் போக வேணாம். ஆண்டவரே இங்கிட்டு வருவாரு" என்பார். வருஷத்துக்கு ஒரு முறை வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, வரும் தேரைப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான்.

பாலத்தில் பஸ் விடப் போகிறார்கள், அதனால் ரிப்பேர். எங்கள் இன்ஜினியர் திருச்சியிலிருந்து வந்தவர், நல்ல மனிதர், அவசரக்காரர். பள்ளத்தைக் கான்கிரீட் போட்டு நிரப்பச் சொல்லிக் குறிப்பு எழுதியிருந்தார்.

"சார், அது தேர் அச்சுக்காக விட்டதுங்க" என்றேன்.

"டிராயிங்குல செவுரு நேராத்தானே இருக்கு? செங்கல் உதுந்து பள்ளமாயிருக்கும்மா."

"மைக் கோட்டுல நேரா இருக்குங்க சார். மேல பென்சில்ல பள்ளம் போட்டிருக்காருங்க. தேரும் இருக்கு, பாருங்க."

இருந்தது. மங்கலான பென்சிலில் சக்கரம், அச்சு, மேலே கூண்டு, உச்சியில் சிலுவை. ஊருக்கு வந்து தேரைப் பார்த்த பிறகு அவர் சேர்த்திருக்க வேண்டும். மேலதிகாரிகளிடம் அனுமதி கேட்டால் கிடைக்காது என்று, பென்சிலில் போட்டுச் சத்தமில்லாமல் கட்டிவிட்டார். மை போடப் பயந்த மனிதர் என்று தெரிந்ததும் அவர்மேல் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது.

இன்ஜினியர் படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "பென்சிலைக் கணக்குல எடுக்க முடியாதும்மா. மை போட்டதுதான் சாங்ஷன். பள்ளம் விட்ட எடத்துல செவுரு மெலிசா இருக்கு. பஸ்சு இடிச்சு வாய்க்கால்ல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

பென்சில் கோட்டின் மேல் மை ஏற்றக் கூடாது என்பது ட்ரேசருக்கு முதல் பாடம். ஏற்றினேன். பள்ளம், சக்கரம், கூண்டு, சிலுவை எல்லாம். அதுவரை அவ்வளவு அழகாக நான் எதையும் வரைந்ததில்லை. இன்ஜினியர் பார்த்துவிட்டுக் கத்தவில்லை. "சொரண்டிருங்கம்மா" என்று மட்டும் சொன்னார். ட்ரேசிங் துணியில் மையை அழிக்க பிளேடால்தான் சுரண்ட வேண்டும். சுரண்டினேன். துணி கிழிந்துவிடும் என்ற பயத்தில் அழுத்திச் சுரண்டவில்லை. அப்படித்தான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

முற்றத்தில் அந்த ப்ளூபிரிண்ட் காய்ந்தபோது, பாலத்தின் மேல் புகை மாதிரி ஒரு தேர் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

 அந்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மா, "இந்த வருசம் தேருக்குப் புது வடமாம்" என்றார். பாலத்து ரிப்பேரை மறைத்து, வடம் எத்தனை முழம் என்று கேட்டேன். 

வேலை ஆரம்பித்த அன்று கொத்தனார் மேஸ்திரி தாளை விரித்துப் பார்த்துவிட்டு, "தேரு போட்டிருக்குங்களே, அப்ப தேருக்கு வழி விடணும்ல?" என்று ஓவர்சியரைக் கேட்டிருக்கிறார். அவர் ஆபீசுக்கு ஆள் அனுப்ப, இன்ஜினியர் ஜீப்பில் கிளம்பினார். என்னையும் ஏறச் சொன்னார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் பாலத்தில் குனிந்து, பள்ளத்துக்குள் கையை விட்டுத் தடவினார். செங்கல் உதிர்ந்திருந்தால் சொரசொரப்பாக இருக்க வேண்டும். அது எண்ணெய் பூசியதுபோல வழவழவென்று இருந்தது, அத்தனை வருஷத்து அச்சு மசகு. விரலை மோந்து பார்த்தார். சிரித்துவிட்டார்.

"பள்ளத்த விட்டுருங்க. வெளிப்பக்கமாச் செவுத்துக்குக் கனம் ஏத்துங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, "போய் மை போடுங்கம்மா. சிலுவ வேணாம், பள்ளம் மட்டும்" என்றார்.

அந்த ஈஸ்டருக்கு மறுநாள் தேர் பாலத்தில் ஏறியபோது நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். அச்சு முனைகள் உள்ளே புகுந்தன. அந்த உராய்கிற சத்தம் எனக்குக் குழந்தையிலிருந்து பழக்கம், ஆனாலும் அன்றைக்குத்தான் அழுதேன். தேர் எங்கள் வாசலில் நின்றது. அம்மா நல்ல கையால் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாலத்தின் கதையை அப்போதுதான் சொன்னேன்.

"அந்த வெள்ளக்காரரு பேரு என்ன?"

"தெரியலம்மா. பேரக் கரையான் தின்னுருச்சு. அவரு நம்ம மாதிரி கத்தோலிக்கரான்னும் தெரியாது."

"இருக்கட்டும். நம்ம செத்தவுங்களோட அவரையும் சேத்துக்க. கல்லறத் திருநாளுக்கு ஒரு மெழுகுதிரி கூட வாங்கு."

கல்லறைத் திருநாள் வருவதற்குள் அம்மாவும் செத்தவர்களோடு சேர்ந்துவிட்டார். இரண்டு மெழுகுதிரி வாங்கினேன். ஒன்றை அம்மாவின் கல்லறையில் வைத்தேன். அந்த வெள்ளைக்காரருக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரும்பி வரும்போது பாலத்தில் உட்கார்ந்து, காற்று படாமல் அந்தப் பள்ளத்துக்குள் வைத்து ஏற்றினேன். அது அணையாமல் எரிந்தது.