சோழி சொன்ன மாத்திரை

வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் மெழுகுவர்த்தியும் மாதா படமும் வாங்கி வருவார்கள். நான் ஒரு பை நிறையச் சோழியும் ஒரு சங்கும் வாங்கி வந்தேன். கூடலூரில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடலில் இருந்து வருவது எதுவானாலும் அதிசயம்தான். என் கணவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கூழாங்கல்லைக் காசு கொடுத்து வாங்கிய முதல் ஆள் நான்தான் என்றார். அவர் தினமும் கேரள எல்லை தாண்டிக் குமுளிக்குப் போய் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறவர். ஏலக்காயைத் தவிர வேறு எதையும் அழகென்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

எங்கள் வீட்டில் தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு அகலமான திண்டு உண்டு. அதுவரை அதில் சீப்பும் சாவிக்கொத்தும் எழுதாத பேனாக்களும்தான் குடியிருந்தன. எல்லாவற்றையும் வாரிப் போட்டுவிட்டு, பிகோனியாத் தொட்டியும் பத்துமணிப் பூத்தொட்டியும் வைத்தேன். முன்னால் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, சோழிகளை வட்டமாக அடுக்கி, நடுவில் சங்கை வைத்தேன். தெருவில் இறங்கி நின்று பார்த்தபோது இது நம் வீடுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஜன்னலுக்கு நேர் எதிரேதான் ஜீப்புகள் நிற்கும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் விடியும்போதே தூக்குவாளியோடு வந்து காத்திருப்பார்கள். தெருவே அதிரப் பேசுகிறவர்கள், சில நாட்களாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஜன்னலைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், குசுகுசுவென்று ஏதோ சொல்லிக்கொள்வார்கள். பூவைப் பார்த்துத்தான் பொறாமை என்று நினைத்து, நானும் கொஞ்சம் மிதப்பாகவே தண்ணீர் ஊற்றினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப் டிரைவர் ஒருவரின் மனைவி வந்து வாசலில் தயங்கி நின்றாள். உள்ளே கூப்பிட்டேன். ஜன்னலை ஓரக்கண்ணால் பார்த்தபடி கேட்டாள்.

"அக்கா, சோழி உருட்டிப் பாக்க நாளு கெழமை ஏதும் உண்டா?"

திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. வெள்ளைத் துணி, வட்டமாகச் சோழி, நடுவில் சங்கு, பக்கத்தில் சிவப்புப் பூ. போதாததற்குத் தினமும் மலையாளத்துக்குப் போய்வரும் வீட்டுக்காரர். மலையாளத்து வேலை கற்றுக்கொண்டு வந்து குறி சொல்கிறேன் என்று தெருவே முடிவு கட்டியிருக்கிறது. மாதா கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவள் நான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழகுக்கு வைத்தது என்று சொன்னேன். "தெரிஞ்சவுக அப்படித்தேன் சொல்லுவாக" என்றாள், மரியாதையாக.

சோழியை அப்போதே மூட்டை கட்டியிருப்பேன். ஆனால் அவள் வந்த காரணத்தைச் சொன்னதும் கை நின்றுவிட்டது. அவள் புருஷனுக்கு மலைப்பாதை வளைவுகளில் தலை கிறுகிறுக்கிறதாம். போன வாரம் வண்டியை நடுவளைவில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டாராம். உள்ளே இருந்த பெண்கள் ஆளுக்கொரு சாமியைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவரை எனக்குத் தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அவருக்குப் பிரஷர் பார்த்ததே நான்தான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அதனால் ஆரம்பிக்கவே மாட்டேன் என்று அவர் வாதம் பண்ண, மாதக்கணக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதும் நான்தான். வாங்கிய மாத்திரையெல்லாம் ஜீப்பில் பிள்ளையாருக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் உருண்டால் தனியாக உருள மாட்டார். என் ஜன்னலுக்கு எதிரே நிற்கும் அத்தனை பெண்களும் அந்த வண்டிக்குள் இருப்பார்கள்.

சாயங்காலம் அவரே வந்தார். வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், வாழைப்பழம். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார். ஆஸ்பத்திரியில் "ஏம்மா நர்சு" என்கிற மனுஷன் இங்கே "ஆத்தா" என்றார். எனக்குச் சோழி பார்க்கத் தெரியாது என்றேன். இதை எதிர்பார்த்தவர்போலத் தலையை ஆட்டினார். எரிச்சலில் துணியை உருவினேன். சோழிகள் கடகடவென்று உருண்டன. அவர் கையைக் கட்டிக்கொண்டு, என்ன சொல்லுது என்று கேட்டார்.

கம்பிக்கு அருகே போய் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"சோழி ஒண்ணும் சொல்லல. நாந்தேன் சொல்றேன். ஒங்களுக்குப் பிரஷர் ஏறிக் கெடக்குண்ணே. பிள்ளையாருக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கீகளே, அந்த மாத்திரைய எடுத்து முழுங்குங்க. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வண்டியத் தொடாதீக."

பிள்ளையார் பெயரைக் கேட்டதும் மனுஷனுக்கு வியர்த்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் கேட்டார். அதுவரை இந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்க நான் தவம் கிடந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில் முதல் ஆளாக நின்றார். ஜீப்பை அவர் மச்சான் ஓட்டினார். கொஞ்ச நாளில் பிரஷர் இறங்கி, டாக்டரும் வண்டி ஓட்டலாம் என்றார். பெண்கள் மறுபடியும் தெரு அதிரப் பேசினார்கள். எனக்கு மட்டும் ஆறவில்லை. கடைசியாகப் பிரஷர் பார்க்க வந்தபோது பட்டையை அவர் கையில் சுற்றிக்கொண்டே கேட்டுவிட்டேன், இதையேதானே மாதக்கணக்காக இங்கே சொன்னேன் என்று.

"இங்கன நீங்க தலைய நிமுத்தாம குனிஞ்சமானக்கித்தான ஆத்தா சொன்னீக. அங்கன ஏம் மூஞ்சியப் பாத்துல்ல சொன்னீக" என்றார்.

அவருக்குப் பின்னால் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. இத்தனை பேருக்கு நடுவில் எங்கே நிமிர்வது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சுருக்கென்று தைத்துவிட்டது.

மறுநாள் திண்டில் இருந்து பெரிய சோழி ஒன்றை எடுத்துப் போய்ப் பிரஷர் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். எதற்கு என்று டாக்டர் கேட்டார். காற்றில் பேப்பர் பறக்கிறது என்றேன். எங்கள் ஊர்க் காற்று அப்படிப்பட்டது, அவர் நம்பினார். அடுத்து வந்த அம்மாள் சோழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்ச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து கையை நீட்டினாள். நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் பட்டையைச் சுற்றினேன்.