திரும்பி வரும் குழாய்

துறைமுகத்தில் ஓடித் தேய்ந்த ஒரு லாரியை என் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து வாங்கினார்கள். அதற்குக் கிளட்ச் கிடையாது. கியர் தானாகவே மாறும். எங்கள் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் கடல் பாலத்தில் பாரத்தோடு ஏறும்போதெல்லாம் கியர்பாக்ஸ் எண்ணெய் கொதித்தது. அதைக் குளிரவைக்க ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கூலர் வைத்தார்கள். எண்ணெய் கூலருக்குப் போக ஒரு குழாய், கியர்பாக்ஸுக்குத் திரும்பி வர ஒரு குழாய் வேண்டும்.

வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். கடைக்காரச் சீனர் இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்று உள்ளே கம்பி வலை பின்னியது. முனைகளில் மெஷினில் வைத்து அழுத்திய மூட்டுகள். மற்றது வெறும் கறுப்பு ரப்பர். நல்ல குழாயை இரண்டு பக்கமும் போட ஒரு மூட்டு குறைந்தது. கூலரின் ஒரு வாய்க்குப் பொருந்தும் மரை உள்ள மூட்டு அடுத்த வாரம்தான் வரும் என்றார்.

"போற லைனுக்கு நல்லதப் போடுவோம். திரும்பி வர்றதுல பிரஷர் இல்லலா. ரப்பர மாட்டி கிளிப்பு போட்டா போதும்," என்றார் என் கணவர்.

"அண்ணே, பிரஷர் இல்லாட்டியும் சூடு இருக்குல்ல? இது தண்ணி ஹோஸ், சூடான எண்ணெய்க்குத் தாங்காது. ஒரு வாரம் பொறுப்போம்," என்றார் கொழுந்தனார்.

"ஒரு வாரம் வண்டி நின்னா லோடு வேற ஆளுக்குப் போயிரும்."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரப்பரை வெட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் வந்தது. லாரி ஓடிக்கொண்டிருந்தது, யாரும் கடைப்பக்கம் போகவில்லை.

ஒருநாள் காலை என் கணவர் பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு அக்கரைக்குக் கிளம்பினார். அங்கே சுங்கை பாக்காப் ஊரில் அக்கா வீட்டில் இறங்கிக்கொள்ளலாமென்று நானும் கிளம்பினேன். அவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போது அந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்தேன். கிளிப்பை ஒட்டி உப்பி, கொழகொழவென்றிருந்தது.

"என்னங்க, இது ஊதியிருக்கு."

"அது அப்படித்தான் இருக்கும். நீ ஏறு."

பாலத்தின் மேட்டில், காலுக்கடியில் டப்பென்று ஏதோ விட்டுப்போனது. இஞ்சின் உறுமியது, லாரி நகரவில்லை. பிறகு மெல்லப் பின்னால் சரிந்தது. அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். இரும்பின் பாரத்தை அது தாங்கவில்லை. அந்த ரப்பரிலிருந்து எண்ணெய் சைலன்சர் குழாயில் கொட்டி, இடுக்குகள் வழியே வெள்ளைப் புகை உள்ளே வந்தது. இஞ்சினை அணைத்தார். கண்ணாடியில் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு ஃபேக்டரி பஸ், ஜன்னல் நிறையப் பெண்கள்.

"காலை எடுத்தா வண்டி பஸ்மேல போயிரும். நீ இறங்கு."

"நீங்க?"

"எறங்குன்னு சொல்றேன்ல!"

சீட்டுக்கடியில் கிடந்த மரக்கட்டையை இழுத்துக்கொண்டு குதித்தேன். பின் டயருக்குக் கீழே திணித்து, காலால் உதைத்து இறுக்கினேன். முன்பக்கம் வண்டிக்கடியில் நெருப்பு எரிவது தெரிந்தது. "விடுங்க! விட்டுட்டு வாங்க!" என்று கத்தினேன். லாரி ஒரு சாண் பின்னால் வந்து, கட்டைமேல் ஏறப் பார்த்து, நின்றது. அவர் புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டே கீழே விழுந்தார். பஸ் டிரைவர் ஓடிவந்து தீயணைப்பானை அடித்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் பாலத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள்.

கியர்பாக்ஸ் கருகிவிட்டது. லாரியை அப்படியே வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். கொழுந்தனார் ஒரு தடவைகூட "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. என் கணவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. பல மாதம் தம்பி முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அதன்பிறகு அக்கரைக்குப் போகவேண்டுமென்றால் ஃபெர்ரிக் கப்பலில்தான் போனோம். பாலத்தில் போனால் சீக்கிரம் போகலாமே என்று யாராவது கேட்டால், "எனக்கு அவசரமில்லலா," என்பார் என் கணவர்.