பதினான்கு கட்டங்களில் இல்லாத கேள்வி

அலுவலகத்தில் அவளுக்கு அட்டவணை என்றே பெயர். எந்தப் பேச்சு வந்தாலும் கட்டம் போட்டு எண்களை நிரப்பிவிடுவாள். பதினோரு வருடமாக வேலையும் அதுதான்: வந்து குவியும் விவரங்களைப் பைத்தான் என்னும் கணினி மொழியில் அலசிப் படமாக வரைந்து மேலே அனுப்புவது. அந்தப் படங்களை யார் பார்த்தார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

நாலு பேர் தினமும் தொட்டுப் பயன்படுத்தும் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அடுத்த அறையில் மென்பொருள் செய்யும் குழுவில் ஒரு நாற்காலி காலியானது. மனதுக்குள் பிரார்த்தித்துக்கொண்டே போய்க் கேட்டாள்.

குழுத் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தாராளமா வாங்கம்மா. மீட்டிங் ரூமுக்குத் தினம் சண்டை நடக்குது. யாருக்கு எத்தனை மணின்னு பதிஞ்சுக்க ஒரு புரோகிராம் எழுதி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. மொழி உங்க இஷ்டம். என் மெஷின்ல ஓடணும், அவ்வளவுதான்."

'மொழி உங்க இஷ்டம்' காதில் நின்றது. மற்றது காற்றோடு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கட்டம் போட்டாள். ஜாவா, கோ, ரஸ்ட், பைத்தான் என்று நாலு கணினி மொழிகள். ஒவ்வொன்றுக்கும் பதினான்கு கட்டம்: வேகம், கற்க ஆகும் நாள், வேலை விளம்பரங்களின் எண்ணிக்கை, இன்னும் என்னென்னவோ. திங்கட்கிழமை வந்தது. தங்கை மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடிந்து வந்து, வெந்நீரில் காலை வைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, இன்னும் ஒரு வரிகூட எழுதலியா?"

"ஜாவாவும் கோவும் அரை மார்க் வித்தியாசத்துல நிக்குதுடி."

"எனக்கு மாப்பிள்ளை பாத்தப்பவும் இப்படித்தான் கட்டம் போட்டே. நீ மார்க் போட்டு முடிக்கிறதுக்குள்ள அவருக்கு ரெண்டு பிள்ளை ஆயிடுச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. பழகிய பைத்தானையே எடுத்து, தான் எப்போதும் எழுதுகிற விதத்தில், துண்டு துண்டாக எழுதி, தோன்றிய துண்டை ஓட்டிப் பார்த்து, மறுநாள் மத்தியானமே முடித்துவிட்டாள். அழகாக ஓடியது. "எனக்குக் காட்டு" என்று தங்கை தன் பழைய லேப்டாப்பை நீட்டினாள். அதில் ஏற்றி முதலிலிருந்து ஓட்டினால், மூன்றாவது துண்டிலேயே சிவப்பாகப் பிழை.

"உன்னோடதுல ஓடுச்சே?"

ஏழாவது துண்டை மூன்றாவதற்கு முன்னால் ஓட்டியிருந்தாள். அதன் விடையை அவள் கணினி ஞாபகம் வைத்திருந்தது. தங்கையின் லேப்டாப்புக்கு அந்த ஞாபகம் ஏது? அவள் எழுதிய எதுவும் இத்தனை வருடத்தில் அவள் மேசையைத் தாண்டியதில்லை. படம்தான் வெளியே போகும்.

'என் மெஷின்ல ஓடணும்.' இப்போதுதான் காதில் விழுந்தது. பதினான்கில் ஒரு கட்டமும் அதைக் கேட்கவில்லை.

அட்டவணையை மூடிவிட்டுக் கோ மொழியை எடுத்தாள். எழுதி முடித்தால் அது ஒரே கோப்பாக நிற்கும். இன்னொரு கணினியில் வைத்தால் அப்படியே ஓடும். ஆனால் படுத்தி எடுத்தது. ஒரு பெயரை வைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டால்கூடக் கிளம்ப மாட்டேன் என்றது.

"எங்க ஹெட் நர்ஸ் மாதிரியே இருக்குக்கா" என்றாள் தங்கை. "வார்டுக்குள்ள விடறதுக்கு முன்னாடியே திட்டித் தீத்துடுவாங்க."

வியாழக்கிழமை மாலை தங்கையின் லேப்டாப்பில் அது ஓடியது. முதல் ஆளாகத் தங்கையே விளையாட்டாக அறையைப் பிடித்தாள். ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, அக்கா புரோகிராமையும் அதில் பதிந்ததையும் மொத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தலைவர் தன் கணினியில் ஓட்டினார். அன்றைக்குப் பத்து மணிக்கு அறை கேட்டார். திரையில் பதில் வந்தது: 'அறை காலி இல்லை. பிடித்தவர்: தங்கச்சி. காரணம்: தூக்கம்.'

அட்டவணைக்கு முகம் சிவந்துவிட்டது. தலைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"சரி, ஏன் கோ?"

பதினான்கு கட்டமும் அச்செடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள். பிரிக்கவில்லை.

"உங்க மெஷின்ல ஓடணும்னு சொன்னீங்களே சார்."

அவர் காலி நாற்காலியை இழுத்து அவள் பக்கம் திருப்பினார். "திங்கட்கிழமை வந்துடுங்கம்மா. முதல் வேலை, உங்க தங்கச்சிய எழுப்பி அனுப்புங்க. பத்து மணிக்கு எனக்கு ரூம் வேணும்."