மேப் நின்ற எழுபது நிமிடம்

பொன்னுத்தங்கம் அத்தை நாற்காலியில் உட்காரும் முன் ஆபீஸ் ஜன்னல் கம்பியை ஒருதரம் தொடுவாள். பட்டாசு ரூமுக்குள் நுழைகிறவர்கள் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். ஆபீசில் வெடிமருந்தும் இல்லை, தகடும் இல்லை. இருந்தாலும் தொடுவாள். எட்டு வருஷத்துக்கு முன் வேறொரு கம்பெனியில் இடது கை முழங்கை வரை வெந்துபோனவள். நான் ஒருநாள் அந்தக் கம்பியில் பசை தடவி வைத்தேன். கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் தொட்டாள். அன்றோடு அந்தக் கம்பி விளையாட்டை விட்டுவிட்டேன்.

ஆமத்தூர் ரோட்டில் இருக்கும் அந்தப் பட்டாசு யூனிட்டில் அவள் வேலையே இடியைப் பார்ப்பதுதான். மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டும் மேப் ஒன்று கம்ப்யூட்டரில் நாள் முழுக்கத் திறந்திருக்கும். யூனிட்டைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்கு ஒரு வட்டம். அதற்குள் சிவப்புப் புள்ளி விழுந்தால் கேட் பக்கம் இருக்கும் அபாயச் சங்கின் கைப்பிடியைச் சுற்றவேண்டும். உள்ளே இருக்கும் முப்பத்து நாலு பேரும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுவார்கள். மருந்து அடைக்கிற ரூமில் இருக்கும் செந்தூர்பாண்டி மாமா அதில் ஒருவர். அத்தையின் வீட்டுக்காரர்.

போன மாதம் புள்ளி வட்டத்தின் ஓரத்தில் விழுந்ததற்கே ரெண்டு தடவை சங்கைச் சுற்றிவிட்டாள். இடியும் வரவில்லை, மழையும் வரவில்லை. தீபாவளி ஆர்டர் நெருக்குகிற நேரம். முதலாளி சங்கரலிங்கம் எல்லார் முன்னாலும் சொன்னார்: “இன்னொரு தடவ சும்மா சங்கு சுத்துனே, ஒன்னையத் திரும்ப உள்ள ரூமுக்கே அனுப்பிருவேன், பாத்துக்க.” அன்றைக்கு அத்தையின் சோத்து டப்பா திறக்காமலே வீட்டுக்கு வந்தது.

அந்த ஆபீசுக்குப் புது வைஃபை பெட்டி வந்தபோது மாட்டியது நான்தான். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானவள்தான், ஆனாலும் இந்த விஷயத்தில் நான் பாஸ். அந்தப் பெட்டிக்கு ரெண்டு குரல். ஒன்றின் பெயர் ரெண்டு புள்ளி நாலு கிகாஹெர்ட்ஸ்: மெதுவாகப் பேசும், சுவரைத் தாண்டிப் போகும். இன்னொன்று அஞ்சு: வேகமாகப் பேசும், ரெண்டு சுவர் வந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். அத்தை கம்ப்யூட்டரின் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு அடாப்டர் சொருகியிருக்கும். பி, ஜி, என் என்று அதில் எழுதியிருக்கும். அதெல்லாம் அதற்குத் தெரிந்த பாஷைகள். பி தான் மூத்தது. பின்னால் வந்த ஜி, என் ரெண்டும், பழைய கருவி ஒன்று கூட்டத்தில் இருந்தால் அதற்காக வேகத்தைக் குறைத்துப் பேசவேண்டும் என்பது சட்டம். யார் எழுதினார்களோ, நல்ல மனசுக்காரர்கள். ஆனால் அந்த மலிவு அடாப்டருக்கு அஞ்சு என்கிற குரல் காதிலேயே விழாது.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தேன்.

அன்று சோறு கொண்டுபோயிருந்தேன். எனக்குப் பதினெட்டு வயசு ஆகாததால் கேட்டுக்கு இந்தப் பக்கம், ஆபீசோடு சரி. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போனை வெளியே எடுக்க விடுவார்கள். போர்மேன் காளிராஜ் தன் பழைய போனில் காமெடி வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் போனுக்கும் ரெண்டு புள்ளி நாலு மட்டும்தான் கேட்கும். விளையாட்டுக்கு, என் போனிலிருந்து பெட்டியின் செட்டிங்குக்குள் போய் அந்தக் குரலை மட்டும் அணைத்தேன். மணி ஒன்று பத்து.

“ஏ கீர்த்தி, வைஃபை எங்க போச்சு?”

“எனக்கு ஃபுல்லா வருதேண்ணே. ஒங்க போனுக்கு வயசாயிருச்சு.”

அவர் போனைத் தட்டித் தட்டிப் பார்த்ததில் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. சாப்பாட்டு நேரம் முடிந்தது. வாட்ச்மேன் ஊர்க்காவலன் தாத்தா எல்லாப் போனையும் வாங்கிக் கேட் பெட்டியில் போட்டுப் பூட்டினார், என்னுடையதையும் சேர்த்து.

ரெண்டு இருபதுக்கு ஜன்னலில் வெயில் மங்கியது. மேற்கே வானம் கருநீலம். அத்தை மேப்பைப் பார்த்தாள். வட்டத்துக்குள் ஒரு புள்ளி இல்லை. மூச்சு விட்டாள். அப்புறம் ஏனோ முன்னால் சாய்ந்தாள்.

“கீர்த்தி, மணி என்ன?”

“ரெண்டு இருபது.”

“மேப்புல ஒண்ணு பத்துன்னு நிக்குது.”

நான் அணைத்த குரலில்தான் அந்த மேப்பும் ஓடியது. எழுபது நிமிஷமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது செத்த படம். அத்தை மேற்கே பார்த்தாள், உள்ளே மருந்து ரூம் கூரையைப் பார்த்தாள்.

“அத்தே, நான் சரி பண்ணிருவேன். ரெண்டே நிமிசம். முதலாளி வேற…”

“ரெண்டு நிமிசம் கண்ணு தெரியாம இருக்கச் சொல்லுதியா?”

எழுந்து போனாள். சங்கைச் சுற்றினாள்.

ஆட்கள் நடந்துதான் வந்தார்கள். ஓடக்கூடாது, உரசக்கூடாது. அத்தை உதடு அசைய ஆட்களை எண்ணினாள். நான் ஊர்க்காவலன் தாத்தாவிடம் போனைக் கெஞ்சி வாங்கிக்கொண்டிருந்தேன். விரல் ரெண்டு தடவை தப்பாக அழுத்தியது.

“முப்பத்தி மூணு,” என்றாள். மாமாவைக் காணோம்.

“யக்கா, வானம் கம்முன்னு கெடக்கு,” என்றார் காளிராஜ். “நாளைக்கு எங்ககூட மருந்து ரூம்தான் ஒனக்கு.”

யாரோ சிரித்தார்கள். அத்தை கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்துத் தட்டை மூடிவைத்துவிட்டு மாமா கடைசியாக, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“என்ன புள்ள?”

அத்தை அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அந்தக் குரலைத் திறந்துவிட்டேன். ஆபீசுக்குள் ஓடிப் பார்த்தபோது மேப் ஒரு குலுங்கு குலுங்கி விழித்தது. ரெண்டு பதினாறு, ஒரு புள்ளி. ரெண்டு பத்தொன்பது, ஒன்று. ரெண்டு இருபத்து நாலு, ஒன்று. மூன்றும் வட்டத்துக்குள்ளே, ஒன்றைவிட ஒன்று கிட்டே. மூன்றாவதன் சத்தம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ் தகரக் கூரையை உலுக்கியது. வெளியே ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலாளி ஆபீஸ் போனில் அத்தையைக் கூப்பிட்டார். “சும்மாவா சுத்துனே?”

“இல்ல முதலாளி. மேப்புலயே இருக்கு, வந்து பாருங்க.”

அத்தை போனை வைத்ததும் நான் அவளிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அத்தை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். வைஃபை பெட்டியைக் காட்டி, “இதுல எது எனக்குள்ளது?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த ரெண்டு புள்ளி நாலுக்கு இப்போது ‘அத்தை’ என்று பெயர் வைத்திருக்கிறேன். காளிராஜ் அண்ணன் அதில்தான் காமெடி பார்க்கிறார், பார்க்கட்டும். மதியம் ஒன்று பத்து ஆனால், நான் எங்கே இருந்தாலும் பக்கத்தில் இருக்கும் இரும்பைத் தேடிக் கை போய்விடுகிறது.