பிரேக் அக்கா பாடிய இடங்கள்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு பிரேக் அக்கா என்று பெயர். சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமில்லையா, அதை அவள் மிதிக்கிற பக்குவம் வேறு யாருக்கும் வராது. வண்டி நிற்பதே தெரியாது, ஆனால் நின்றிருக்கும். அவளால்தான் ஒரு இடத்தில் நிற்க முடியாது. அறுபதைத் தொடப்போகிறாள், இன்னும் கால் தரையில் பாவவில்லை. சாப்பாட்டு நடுவில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, அதே ஜன்னலைத் திறக்கப் போவாள். ஒரு படத்தை முழுசாகப் பார்த்த சரித்திரமே கிடையாது. "நாற்காலியில முள்ளா இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு அவள் புருஷனுக்கு அலுத்துவிட்டது.

ஸ்கூல் அவள் தம்பியுடையது. ஒருநாள் மத்தியானம் அவன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேக்கறதுக்கு முன்னாடியே பயந்தா, கோவம் வர்ற விஷயம்தான். சொல்லு."

"உன்கிட்ட வர்றவங்க எல்லாரும் துறைமுக ரோட்டுலயே சுத்தறாங்க. பார்க்கிங் பழகறது அந்த மெத்தைக் கடை வாசல்ல. திருப்பம் பழகறது கண்ணாஸ்பத்திரிச் சந்துல. டெஸ்ட் நடக்கற ரோடு ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. அந்தப் பக்கம் நீ தலைவச்சுக்கூடப் படுக்கறதில்ல."

"அங்கதான் ரோடு குறுகல். குறுகல்ல ஓட்டினவன் எங்கயும் ஓட்டுவான்."

பதில் அவ்வளவு சீக்கிரம் வந்தால் அக்கா பொய் சொல்கிறாள் என்று தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டான்.

விஷயம் இதுதான். மெத்தைக் கடை முன்பு மெத்தைக் கடையாக இருக்கவில்லை. அதன் அடித்தளத்தில் நீலக் கதவு என்ற கிளப் இருந்தது. கண்ணாஸ்பத்திரி இருக்கும் இடத்தில் ஒரு பார். செங்குத்தான படியில் இறங்கிப் போகவேண்டும், ஏறி வருவது குடித்த அளவைப் பொறுத்தது, அதனால் அதற்குப் படிக்கட்டு என்றே பெயர். துறைமுகத்தை ஒட்டி, கப்பல் என்று ஒன்று. மூன்றிலும் அவள் பாடியிருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள், ஏறக்குறைய இருபது வருஷம்.

ஆரம்பத்தில் அவள் நீலக் கதவில் டிக்கெட் கிழிக்கிறவள். பாட்டுக்காரி வேறொருத்தி. அந்த அம்மா மைக் சோதனைக்கு என்றைக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. சாயங்காலம் கதவு திறப்பதற்குள் சவுண்ட்காரர் ஒயரும் கையுமாகத் தவிப்பார். "ஏதாவது பாடும்மா, சும்மா மைக்குக்காக" என்று டிக்கெட் பெண்ணைக் கெஞ்சுவார். அவளும் காலி மேஜைகளைப் பார்த்துப் பாடுவாள். அப்போது கம்பளத்தில் முந்தின நாள் சிந்திய பீர் காயாமல் செருப்பைப் பிடித்து இழுக்கும். மேடைக்கு நடுவே ஒரு தூண். அறையின் பாதிப் பேருக்குப் பாட்டுக்காரி தெரிவாள், மீதிப் பேருக்குத் தூண் பாடுவதுபோல இருக்கும். ஒருநாள் பாட்டுக்காரி கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து டிக்கெட் பெண் மேடை ஏறினாள். பாட்டுக்காரி மாறிய விஷயம் வாடிக்கையாளர்களுக்குத் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சவுண்ட்காரரைத்தான் பிறகு கட்டிக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். அக்கம்பக்கத்தில் அடுக்குமாடி வந்தது, குடிவந்தவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தார்கள். வாடகை ஏறியது. ஜனங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து குடிக்கக் கற்றுக்கொண்டார்கள். சவுண்ட்காரருக்கு அதில் வருத்தமே இல்லை. இத்தனை வருஷ இரைச்சலில் அவர் காதுக்குள் எந்நேரமும் ஒரு ரீங்காரம் நிலைத்துவிட்டது. "ஊர்ல எல்லா கிளப்பும் மூடிட்டான், என் காதுல இருக்கறது மட்டும் இன்னும் மூடல" என்பார். டீவியைக்கூட ஊமையாக வைத்துத்தான் பார்ப்பார். அவள் பழைய பேச்சை எடுத்தால் பாதியில் தலையாட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். பேச ஆளில்லாத பேச்சு எங்கே போகும்? துறைமுக ரோட்டுக்குப் போனது.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவர் முடிவெட்டுகிறவர். கத்தரிக்கோல் பிடித்த கை, ஸ்டீயரிங்கில் மட்டும் நடுங்கும். பயத்தை மறைக்க ஓயாமல் பேசுவார்.

"ஏன்க்கா, இந்த மெத்தைக் கடையில யாராவது சொந்தக்காரங்களா?"

"ஏன்?"

"வண்டியை நிறுத்தச் சொல்றீங்க, அப்புறம் என்னைப் பாக்கறதே இல்ல. கடையையே பாக்கறீங்க."

அன்றைக்கு அவளுக்கு வாய் திறந்துகொண்டது. தூணைப் பற்றிச் சொன்னாள், கூட்டம் ஆடும்போது மேஜைமேல் கிளாஸெல்லாம் தானாக நகர்ந்து விளிம்புக்கு வருவதைச் சொன்னாள், படிக்கட்டில் ஏற முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களைத் தாண்டித் தாண்டி வீட்டுக்குப் போனதைச் சொன்னாள். முடிவெட்டுகிறவர் வண்டியை அணைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அன்று பாடமே நடக்கவில்லை.

அவர் கடையில் உட்காருகிற எல்லோரிடமும் அது போய்ச் சேர்ந்தது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், அந்தக் காலத்தில் கிளப்பே கதி என்று கிடந்தவர், நாற்காலியில் பாதி முடியோடு எழுந்துவிட்டாராம். அவரும் அவர் கூட்டாளிகளும் பழைய ராத்திரிகளின் நினைவாக ஒரு ஞாயிறு மத்தியானம் கூடுவதாக இருந்தார்கள், அதுவும் கப்பலில். இப்போது அது வாடகைக்கு விடுகிற ஹால்.

"நீங்க வந்து பாடணுமாம்க்கா. நான் சரின்னு சொல்லிட்டேன்" என்றார் முடிவெட்டுகிறவர், அடுத்த பாடத்துக்கு வந்தபோது.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"கேட்டிருந்தா யோசிப்பீங்க."

வீட்டில் சொன்னபோது சவுண்ட்காரர் தோட்டத்துக்குப் போகவில்லை. பரண்மேல் ஏறித் தன் பழைய சவுண்ட் மிக்ஸரை இறக்கித் தூசி தட்டினார். அவளுக்கே ஆச்சரியம்.

"நீங்க வருவீங்கன்னு நினைக்கல."

"அங்க எவனாவது கன்னாபின்னான்னு சத்தத்தைக் கூட்டி வைப்பான். உன் குரல் இப்ப இறங்கிப்போச்சு, அதுக்கேத்த மாதிரி வைக்கத் தெரியணும்."

அந்த ஞாயிறு மத்தியானம் ஹாலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் நரை, சிலருக்கு அதுவும் இல்லை. ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பாட்டுக்காகவே வருவோம்" என்றார்கள். அன்பில் சொல்கிற பொய் என்று அவளுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் ஏஜென்ட் மைக்கில், "நம்ம இளமையோட குரல்" என்று அறிமுகம் செய்தார்.

அவள் பாட ஆரம்பித்தாள்.

யாரும் பேசவில்லை. ஒரு கிளாஸ்கூட எங்கேயும் இடிபடவில்லை. தான் மூச்சிழுக்கிற சத்தம் தனக்கே ஸ்பீக்கரில் திரும்பி வந்ததைக் கேட்டாள். எச்சில் விழுங்கினால் அதுவும் கேட்டது. முன்வரிசை முழுக்க செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். முதல் பாட்டை எப்படியோ முடித்தாள். கை தட்டினார்கள், உடனே மறுபடி அமைதி. இரண்டாவது பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டாள்.

"கொஞ்சம் பேசுங்க. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ஏதாவது பேசுங்க, பரவாயில்ல. இப்படி இருந்தா எனக்கு வர மாட்டேங்குது."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் முன்னைவிட மரியாதையாக அமைதியானார்கள். ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் மிச்சப் பாட்டை ஓட்டமாகப் பாடி முடித்து, சமையலறை வழியாக வெளியே போய்விட்டாள்.

சவுண்ட்காரர் ஒயரைச் சுருட்டிவிட்டு வந்தபோது, அவள் ஸ்கூல் காரில் தன் வழக்கமான சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுகிறவர் சீட்டு காலி. அவள் கால் பிரேக்மேல் இருந்தது. அவர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் பாடினே."

"அதான் வினை. எல்லாருக்கும் கேட்டுடுச்சு."

"கேக்கத்தானே பாடறது?"

"இருபது வருஷத்துல ஒருத்தன் கேட்டானா? ஒருத்தன் கத்துவான், ஒருத்தன் ஐஸ் கேப்பான், ஒருத்தி அழுவா, ஒருத்தன் காதலிக்கறேன்னு சொல்லுவான், அது நடுவுல நான் பாடுவேன். இன்னிக்கு என்னடான்னா இரங்கல் கூட்டம் மாதிரி உக்காந்திருக்காங்க. செத்தவளே வந்து பாடிட்டுப் போறா."

"நான் கேட்டேனே, அப்பவும்."

"நீங்க மைக்கைக் கேட்டீங்க."

அவர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வீடு போய்ச் சேரும்வரை ரேடியோவைப் போடுவதும் அணைப்பதுமாகவே வந்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ரொம்பக் கஷ்டமாகப் போனது. துறைமுக ரோடு பக்கம் போகவே பிடிக்கவில்லை. தம்பி சொன்ன டெஸ்ட் ரோட்டிலேயே எல்லோரையும் ஓட்டவிட்டாள். தம்பி சந்தோஷப்பட்டிருக்கவேண்டும், ஆனால், "உடம்புக்கு ஏதாவதாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான். வீட்டில் அலமாரிகளை இடம் மாற்றினாள். பிடிக்காமல் பழைய இடத்துக்கே நகர்த்தினாள்.

முடிவெட்டுகிறவர் மூன்றாவது தடவையில் டெஸ்ட் பாஸானார். அந்தக் குஷியில் பிரேக் அக்காவையும் சவுண்ட்காரரையும் தன் மச்சான் மேனேஜராக இருக்கும், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்து விளையாடுகிற பவுலிங் கூடத்துக்குத் தன் காரிலேயே அழைத்துப்போனார். உள்ளே நுழைந்ததும் இடி இடிக்கிற மாதிரி பந்துகள் உருண்டன, கட்டைகள் சரிந்தன, பிள்ளைகள் அலறினார்கள், கவுன்ட்டரில் யாரோ யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சவுண்ட்காரர் உடனே பஞ்சைத் தேடினார். பிரேக் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். மூலையில் பிறந்தநாள் கேக் வெட்டுவதற்காக ஒரு சின்ன மேடை இருந்தது.

"அதுல வேற என்ன செய்வீங்க?" என்று மச்சானைக் கேட்டாள்.

"ஒண்ணும் செய்யறதில்லம்மா. சும்மாதான் கிடக்குது."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பாடறேன்."

"இங்க யாருக்கும் கேக்காதேம்மா."

"அது என் பாடு."

முதல் வெள்ளிக்கிழமை தம்பி வந்திருந்தான். அவள் உயிரைக் கொடுத்து ஒரு வரியை இழுத்துப் பிடித்தபோது, சரியாக அந்த நேரம் பார்த்து ஒருவன் உருளைக்கிழங்கு வறுவல் கேட்டுக் கத்தினான். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அடுத்த வரியில் குரலைத் தூக்கி அவனைத் தாண்டிப் போனாள். ஆடத் தெரியாத ஒரு ஜோடி, பந்து திரும்பி வரும்வரை சும்மா நிற்பானேன் என்று கொஞ்சம் ஆடியது.

"ஒருத்தர்கூட உன்னைத் திரும்பிப் பாக்கலையேக்கா" என்று தம்பி வருத்தப்பட்டான்.

"பாத்தியா?" என்றாள் அவள், பெருமையாக.

அதற்காக அவள் அடங்கிவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். இப்போது செவ்வாய்க்கிழமையும் வேண்டும் என்கிறாள். மச்சான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சவுண்ட்காரர் வாரத்தில் ஒரு நாளுக்குமேல் வர முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் தனியாகவே போகிறேன் என்று மைக் ஸ்டாண்டை ஸ்கூல் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு சுற்றுகிறாள். புதிதாக வருகிறவர்கள் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, இது என்னக்கா என்று கேட்கிறார்கள்.

"ரோட்டைப் பாருங்க" என்கிறாள்.